தேர்ந்த வாசகரும் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறார்

கேள்வி சுருக்கமாக இது. இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகன் இன்னும் எழுத்துக் கூட்டியே படிக்கிறான். பெரியவர்களோ சொல்லைப் பார்த்த மாத்திரத்தில் படித்துவிடுகிறோம். அப்படியானால் மூளை ஒவ்வொரு சொல்லையும் ஒரு படமாக, முழுசாகத்தானே அடையாளம் காண்கிறது? முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் சரியாக இருந்தால் போதும், நடுவில் எப்படிக் கலைந்திருந்தாலும் மூளை படித்துவிடும் என்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் பெயரில் வாட்ஸாப்பில் சுற்றும் செய்தியும் அதைத்தானே சொல்கிறது? எழுத்துக் கூட்டுவதை விட்டுவிட்டு, சொற்களை அட்டையில் எழுதிக் காட்டியே பழக்கிவிடலாமா?

அப்படிச் செய்யாதீர்கள் என்பதுதான் என் பதில். நாமும் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறோம். உங்கள் மகன் ஒன்றன்பின் ஒன்றாகக் கூட்டுகிறான், நாம் எல்லா எழுத்தையும் ஒரே வீச்சில் கூட்டுகிறோம். அது கால் விநாடிக்குள் முடிந்துவிடுவதால் நமக்கே தெரிவதில்லை. இதை நம்பும்படி சொல்ல வேண்டுமானால் கண்ணிலிருந்து தொடங்க வேண்டும்.

வரியின் மேல் கண் ஒரே சீராக நகர்ந்து போவதாகத்தான் நமக்குத் தோன்றும். உண்மையில் அது தாவித் தாவிப் போகிறது. 1870களின் இறுதியில் பாரிஸில் எமில் ஜாவால் என்ற கண் மருத்துவரின் ஆய்வகத்தில் இதைக் கவனித்தார்கள். கண் ஓரிடத்தில் சராசரியாக 200 முதல் 250 மில்லிவிநாடி நிற்கும். பிறகு 20, 30 மில்லிவிநாடியில் அடுத்த இடத்துக்குத் தாவும். தாவும் அந்த நேரத்தில் புதிதாக எதுவும் உள்ளே போவதில்லை. நிற்கும் நேரத்தில்தான் வாசிப்பு நடக்கிறது. பத்துத் தாவலில் ஒன்றாவது பின்னோக்கி, ஏற்கெனவே படித்த இடத்துக்கே திரும்பிப் போகும்.

ஏன் தாவ வேண்டும்? விழித்திரையில் கூர்மையாகப் பார்க்கும் இடம் மிகச் சிறியது. கையை நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்தினால் விரலின் அகலம் எவ்வளவோ ஏறக்குறைய அவ்வளவு இடம்தான் தெளிவாகத் தெரியும். அதற்கு வெளியே எழுத்துகள் மங்கத் தொடங்கிவிடும். 1975ல் ஜார்ஜ் மெக்கோன்கி, கீத் ரெய்னர் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் இதை அழகாக அளந்தார்கள். படிப்பவரின் கண் எங்கே நிற்கிறது என்பதைக் கணினி பின்தொடரும். கண் நிற்கும் இடத்தைச் சுற்றிச் சில எழுத்துகளை மட்டும் விட்டுவைத்து, மீதிப் பக்கம் முழுவதையும் எக்ஸ் எழுத்துகளாக மாற்றிவிடும். கண் நகர்ந்தால் அந்தச் சாளரமும் கூடவே நகரும். இடப்பக்கம் 3, 4 எழுத்தும் வலப்பக்கம் 14, 15 எழுத்தும் விட்டுவைத்தால் போதும், ஆங்கில வாசகர்கள் வழக்கமான வேகத்திலேயே படித்தார்கள். ஹீப்ரு வலமிருந்து இடமாக எழுதப்படும் மொழி. ஹீப்ருவும் ஆங்கிலமும் அறிந்த இஸ்ரேலியர்களைச் சோதித்தபோது, ஹீப்ரு படிக்கையில் சாளரம் இடப்பக்கம் விரிந்தது, ஆங்கிலம் படிக்கையில் அதே ஆளுக்கு வலப்பக்கம் விரிந்தது. ஆக இந்தச் சாளரத்தைக் கண் மட்டும் தீர்மானிப்பதில்லை, மூளையின் கவனமும் சேர்ந்து தீர்மானிக்கிறது.

ஒரு பக்கத்தை ஒரே பார்வையில் படிக்கக் கற்றுத் தருகிறோம் என்று சொல்லும் வேக வாசிப்பு வகுப்புகளைப் பற்றிக் கேட்பவர்களுக்கு நான் இந்தச் சோதனையைத்தான் சொல்வது. அவ்வளவு அகலத்துக்கு எழுத்து தெரியாதபோது படிப்பது எப்படி?

சரி, கண் நின்ற அந்தக் கால் விநாடியில் என்ன நடக்கிறது? சொல் ஒரு படம் என்ற எண்ணம் 1886 வாக்கிலேயே வந்துவிட்டது. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் உளவியலாளர் வுண்ட்டின் ஆய்வகத்தில் ஜேம்ஸ் மெக்கீன் கேட்டல் எழுத்துகளைக் கண நேரம் மட்டும் காட்டிப் பார்த்தார். சம்பந்தமில்லாத எழுத்துகள் என்றால் மூன்று நான்குக்கு மேல் யாராலும் சொல்ல முடியவில்லை. அவையே சொற்களாக இருந்தபோது நிறையச் சொன்னார்கள். எழுத்துகளைப் பார்க்காமல் சொல்லையே நேராகப் பார்க்கிறோம் என்று பலர் இதிலிருந்து முடிவு கட்டினார்கள். அந்த முடிவை வைத்துப் பள்ளிப் பாடமுறைகளே எழுந்தன.

1969ல் ஜெரால்டு ரைச்சர் இதை இன்னும் கறாராகச் சோதித்தார். நான்கெழுத்துச் சொல் ஒன்றைக் கண நேரம் காட்டி மறைத்துவிட்டு, குறிப்பிட்ட இடத்தில் இருந்தது இந்த எழுத்தா அந்த எழுத்தா என்று கேட்டார். எதைப் போட்டாலும் சரியான சொல்தான் வரும், அதனால் ஊகிக்க வழியில்லை. தமிழில் வைத்துச் சொன்னால், ‘கடல்’ என்று காட்டிவிட்டுக் கடைசி எழுத்து ‘ல்’லா ‘ன்’னா என்று கேட்பது. சொல்லுக்குள் இருந்த எழுத்தையே மக்கள் நன்றாகச் சொன்னார்கள். அதே எழுத்தைத் தனியாகக் காட்டினால்கூட அவ்வளவு சரியாகச் சொல்லவில்லை. கூட்டமாக இருக்கும்போது ஓர் எழுத்து இன்னும் தெளிவாகத் தெரிகிறது என்றால் விசித்திரம்தானே.

1981ல் ஜேம்ஸ் மெக்லெலண்டும் டேவிட் ரூமல்ஹார்ட்டும் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அதன் அடிப்படை நிற்கிறது. கோடும் வளைவும் எழுத்துகளைத் தூண்டும். எழுத்துகள் சொற்களைத் தூண்டும். ‘கடல்’ கண்ணில் பட்டதும் கடல் மட்டுமல்ல, கடன், உடல், மடல், கடலை எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் விழித்துக்கொள்கின்றன. எல்லா எழுத்தின் ஆதரவும் ‘கடல்’ ஒன்றுக்கே கிடைப்பதால் அது மேலெழுந்து மற்றவற்றை அடக்கிவிடும். முக்கியமான விஷயம், தூண்டுதல் கீழ்நோக்கியும் வருகிறது. விழித்துக்கொண்ட சொல் தன் எழுத்துகளுக்குத் திரும்ப வலுவூட்டுகிறது. சொல்லுக்குள் எழுத்து தெளிவாகத் தெரிவது அதனால்தான். நாமே எழுதிய கட்டுரையில் பிழை கண்ணில் படாமல் போவதற்கும் அதுதான் காரணம். இல்லாத எழுத்தை மேலிருந்து வரும் தூண்டுதல் நிரப்பிவிடுகிறது.

ஆக சொல் எழுத்துக்கு உதவுகிறது, ஆனால் எழுத்தைத் தாண்டிக் குதிப்பதில்லை. இதற்கு எனக்குப் பிடித்த ஆதாரம் 2003ல் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் டெனிஸ் பெல்லியும் அவர் கூட்டாளிகளும் செய்த சோதனை. சொற்களை மங்கலாக்கிக் கொண்டே போனார்கள். சொல் ஒரே படமாகப் பதிந்திருந்தால், தனி எழுத்துகள் தெரியாத மங்கலிலும் சொல்லின் ஒட்டுமொத்த உருவம் தெரிய வேண்டும். அப்படி நடக்கவில்லை. ஆங்கிலத்தில் மிக அதிகமாகப் புழங்கும் சொற்களைக்கூட, அவற்றின் எழுத்துகள் ஒவ்வொன்றும் தனித்தனியே தெரியும் அளவுக்குத் தெளிவிருந்தால்தான் படிக்க முடிந்தது. வாழ்நாளில் லட்சக்கணக்கான முறை பார்த்த சொல்லுக்கும் இதே கதி என்றால், படக் கொள்கைக்கு அதற்கு மேல் இடமில்லை.

இப்போது வாட்ஸாப் செய்திக்கு வருகிறேன். 2003ல் ஆங்கிலத்தில் மின்னஞ்சலாகக் கிளம்பிய செய்தி அது. அது சொல்லும் ஆய்வு எதுவும் கேம்பிரிட்ஜில் நடக்கவில்லை. அங்கேயே பணியாற்றும் மூளை ஆய்வாளர் மேட் டேவிஸ் அதன் மூலத்தைத் தேடிப் பார்த்து விளக்கம் எழுதினார். எழுத்துகளைக் கலைத்துப் படிக்கவைக்கும் ஆய்வை 1976ல் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தில் தன் முனைவர் பட்டத்துக்காக கிரகாம் ராலின்சன் செய்திருந்தார். செய்தியில் இருக்கும் பாதி உண்மை இதுதான்: எழுத்து என்னவென்று மூளை துல்லியமாகக் குறித்துக்கொள்கிறது, அது எந்த இடத்தில் இருந்தது என்பதைக் கொஞ்சம் தளர்வாகவே குறிக்கிறது. அடுத்தடுத்த இரண்டு எழுத்துகள் இடம் மாறினால் பொறுத்துக்கொள்ளும்.

ஆனால் அது இலவசமில்லை. 2006ல் கீத் ரெய்னரும் சக ஆய்வாளர்களும் அளந்தபோது, நடு எழுத்துகள் மாறிய வாக்கியங்களில் வேகம் பத்து சதவீதத்துக்குச் சற்று மேல் குறைந்தது. சொல்லின் இறுதியில் மாறினால் கால் பங்கு குறைந்தது. தொடக்கத்தில் மாறினால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். அந்த மின்னஞ்சலில் குட்டிச் சொற்கள் கலையாமல் அப்படியே இருந்தன, பெரிய சொற்களிலும் பல அதிகம் கலையவில்லை. வாக்கியத்தின் பொருள் மீதியைப் பார்த்துக்கொண்டது. நன்றாகக் குலுக்கிவிட்டால் ஆங்கிலத்திலும் படிக்க முடியாது.

தமிழில் அந்த விதி இன்னும் சீக்கிரம் உடைந்துவிடும். நகரம், நரகம். முதலும் கடைசியும் அப்படியே இருக்க, நடுவில் இரண்டு எழுத்து மட்டும்தான் இடம் மாறியிருக்கின்றன. மதுரம், மருதம் எடுத்துக்கொள்ளுங்கள். உகரம் அதே இடத்தில் நிற்க, மெய் மட்டும் மாறியிருக்கிறது. கவலையும் கலவையும் அப்படித்தான். நம் சொற்கள் பலவும் இரண்டு மூன்று உயிர்மெய்களுக்குள் முடிந்துவிடுகின்றன, அவற்றுக்குப் பக்கத்துவீட்டுச் சொற்களும் ஏராளம். விடு வீடு ஆக ஒரு சுழி போதும். மலை மாலை ஆக ஒரு கால் போதும். எழுத்தையும் குறியையும் பார்க்காமல் உருவத்தை மட்டும் பார்த்துப் படிக்கிற மூளை தமிழில் ஒரு பத்தியைத் தாண்டாது. ஹீப்ருவில் இதை நேரடியாகவே சோதித்திருக்கிறார்கள். ஹீப்ரு சொல்லின் உயிர்நாடி பெரும்பாலும் மூன்று மெய்களால் ஆன வேர், அதில் வரிசை மாறினால் வேறு வேராகிவிடும். 2007ல் ஹடாஸ் வேலன், ராம் ஃப்ராஸ்ட் செய்த ஆய்வில், இரண்டு மொழியும் தெரிந்த அதே ஆட்கள் ஆங்கிலத்தில் எழுத்து கலைந்தபோது சமாளித்தார்கள், ஹீப்ருவில் தடுமாறினார்கள். தன் மொழி எவ்வளவு துல்லியம் கேட்கிறதோ அவ்வளவு துல்லியமாக வரிசையைப் பார்க்க மூளை பழகிக்கொள்கிறது.

நம் பக்கத்து எழுத்துகளிலும் நல்ல ஆய்வு நடந்திருக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் எஸ்.பி. அருண் குழுவினர் தெலுங்கு மட்டும் படிக்கத் தெரிந்தவர்களுக்கும் மலையாளம் மட்டும் படிக்கத் தெரிந்தவர்களுக்கும் இரண்டு மொழியின் எழுத்துக் கோவைகளையும் காட்டி ஒப்பிட்டார்கள். முடிவை 2019ல் வெளியிட்டார்கள். தெரியாத எழுத்துகளைப் பார்க்கும்போது பக்கத்துப் பக்கத்து எழுத்துகள் ஒன்றோடொன்று கலந்து ஒரே சித்திரமாகிவிடுகின்றன. படிக்கத் தெரிந்த எழுத்தில் அந்தக் கலப்பு குறைகிறது, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாகப் பிரிந்து நிற்கிறது. வாசிப்புப் பழகப் பழகச் சொல் ஒரே படமாகிவிடும் என்று நாம் நினைப்பதற்கு நேர் எதிரானது இது. சொல்லைப் படமாகப் பார்ப்பது படிக்கத் தெரியாத கண்தான்.

மூளையில் இது நடக்கும் இடம் எது என்பதற்கான முதல் தடயம் ஒரு நோயாளியிடமிருந்து கிடைத்தது. 1887 அக்டோபரில் பாரிஸில் ஓய்வுபெற்ற வணிகர் ஒருவருக்குத் திடீரென்று படிக்க முடியாமல் போனது. மருத்துவ நூல்களில் அவர் பெயர் திரு. சி. பேச்சு சரியாக இருந்தது. பொருள்களும் முகங்களும் தெரிந்தன. எண்களைப் படித்தார். சொல்லச் சொல்லப் பிழையில்லாமல் எழுதவும் செய்தார். தான் எழுதியதைத் திரும்பப் படிக்கச் சொன்னால் முடியவில்லை. எழுத்தின் வடிவத்தை விரலால் காற்றில் வரைந்து பார்த்தால் மட்டும் அது என்ன எழுத்து என்று சொல்ல முடிந்தது. அவரைக் கவனித்த நரம்பியல் மருத்துவர் ஜூல் தெஜெரின், 1892ல் அவர் இறந்த பிறகு மூளையைத் திறந்து பார்த்தார். இடது மூளையின் பின்பகுதி சிதைந்திருந்தது, வலது மூளை பார்த்ததை இடது பக்கம் கொண்டுசேர்க்கும் நரம்புப் பாலத்தின் பின்முனையும் அறுபட்டிருந்தது. கண் பார்த்த எழுத்து மொழி இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேர வழியில்லை.

நூறாண்டு கழித்து, படிக்கும்போதே மூளையைப் படம்பிடிக்கும் வசதி வந்ததும் 2000ல் லோரான் கோயனும் ஸ்டானிஸ்லாஸ் டெஹானும் இடது மூளையின் அடிப்புறத்தில், பின்மடலும் பொட்டுமடலும் சேரும் இடத்தில் உள்ள ஒரு சிறு பகுதியை அடையாளம் காட்டினார்கள். அதைச் சொல்லுருவப் பகுதி என்று சொல்லலாம். எழுத்து கண்ணில் பட்டு ஏறக்குறைய 170 மில்லிவிநாடியில் அது விழித்துக்கொள்கிறது. ஆங்கிலம், ஹீப்ரு, சீனம் என்று எழுத்து மாறினாலும் இடம் ஏறக்குறைய மாறுவதில்லை. பிறவியிலேயே பார்வையில்லாதவர்கள் விரலால் பிரெய்ல் படிக்கும்போதும் அதே இடம் வேலை செய்வதை 2011ல் ஓர் ஆய்வு காட்டியது. அந்தப் பகுதி எழுத்துக்கு மட்டுமே உரியதல்ல, பொருள்களின் படங்களுக்கும் பதில் தருகிறது என்று கேத்தி பிரைஸ் போன்ற ஆய்வாளர்கள் தொடக்கத்திலிருந்தே வாதிட்டு வருகிறார்கள். அவர்கள் வாதத்தில் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். மொழிப் பகுதிகளோடு அந்த இடத்துக்கு உள்ள தொடர்புதான் அதை வாசிப்புக்கு ஏற்றதாக்குகிறது. 5 வயதில், படிக்கக் கற்பதற்கு முன்பே, ஒரு குழந்தையின் மூளை இணைப்புகளைப் படமெடுத்து 8 வயதில் அதன் சொல்லுருவப் பகுதி எங்கே அமையும் என்று முன்கூட்டிச் சொல்ல முடிந்திருக்கிறது.

எழுத்து கண்டுபிடிக்கப்பட்டு ஐயாயிரம் ஆண்டுகள்தான் ஆகின்றன. மனிதகுலத்தின் பெரும்பகுதிக்கு மூன்று நான்கு தலைமுறை முன்புவரை அது எட்டவே இல்லை. அதற்கென்று ஒரு மூளைப்பகுதி பரிணாமத்தில் உருவாகியிருக்க முடியாது. முகங்களையும் பொருள்களையும் அடையாளம் காணும் பரப்பிலிருந்து ஒரு துண்டை எழுத்து தனக்கென்று எடுத்துக்கொள்கிறது. 2010ல் பிரேசிலிலும் போர்ச்சுகலிலும் எழுத்தறியாதவர்கள், பெரியவர்களான பிறகு கற்றவர்கள், சிறுவயதில் பள்ளி சென்றவர்கள் என்று மூன்று தரப்பையும் டெஹான் குழுவினர் ஒப்பிட்டார்கள். எவ்வளவு நன்றாகப் படிக்கிறார்களோ அவ்வளவுக்கு அந்தப் பகுதி வலுவாக வேலை செய்தது. பெரியவரான பிறகு கற்றவர்களுக்கும் அந்த மாற்றம் வந்திருந்தது. 90களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி எழுத்தறிவு வகுப்புகளுக்கு வேலை முடித்து வந்து உட்கார்ந்த பெண்களின் தலைக்குள்ளும் இதேதான் நடந்திருக்கும். வயதாகிவிட்டது, இனி எழுத்து ஏறாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். லக்னோ பக்கத்துக் கிராமங்களில் இந்தி எழுத்துக் கற்றவர்களையும் கல்லாதவர்களையும் ஒப்பிட்டு 2019ல் வந்த ஆய்வு இன்னொரு நல்ல செய்தியும் சொன்னது. எழுத்து வந்ததால் முகங்களை அடையாளம் காணும் திறனுக்கான மூளைச் செயல்பாடு குறைந்துவிடவில்லை.

சொல்லுருவப் பகுதி பார்ப்பது மையின் வடிவத்தை அல்ல, எழுத்தின் அடையாளத்தை. தடித்த எழுத்து, சாய்ந்த எழுத்து, பேருந்துப் பலகை, மருத்துவரின் கையெழுத்து, எதில் வந்தாலும் க என்பது கதான். 1978ல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தம் செய்தபோது லை, னை, ணை, ளை ஆகியவற்றின் துதிக்கை வடிவங்கள் போய் இப்போதைய சங்கிலிக் கொம்பு வந்தது. றா, னா, ணா ஆகியவையும் மாறின. இரண்டையும் பார்த்து வளர்ந்தவர்கள் பழைய புத்தகத்தையும் புதிய புத்தகத்தையும் ஒரே வேகத்தில் படிக்கிறார்கள். படமாகப் பதிந்திருந்தால் பழைய ‘மலை’யும் புதிய ‘மலை’யும் இரண்டு வெவ்வேறு சொற்களாக இருந்திருக்கும். பழைய வடிவம் தெரியாத இளைஞர்கூட இரண்டு பக்கம் தாண்டியதும் பழகிவிடுகிறார். ஓர் எழுத்தைக் கற்றுக்கொண்டதும் அது வரும் எல்லாச் சொல்லும் அவருக்குத் திறந்துவிடுகிறது.

ஒலியின் பங்கு என்ன? எழுத்திலிருந்து பொருளுக்கு இரண்டு வழிகள் இருப்பதாக ஆய்வாளர்கள் ஏறக்குறைய ஒத்துக்கொள்கிறார்கள். ஒன்று, எழுத்தை ஒலியாக்கி, ஒலியிலிருந்து பொருளுக்குப் போவது. மற்றது, அடிக்கடி பார்த்த எழுத்துக்கோவையிலிருந்து நேராகப் பொருளுக்குப் போவது. 1973ல் ஜான் மார்ஷலும் ஃப்ரீடா நியூகோம்பும் மூளை அடிபட்ட நோயாளிகளை விவரித்தபோது இந்த இரண்டும் தனித்தனியாகப் பழுதாகக்கூடியவை என்பது தெளிவாகத் தொடங்கியது. தெரிந்த சொல்லைப் படிப்பார், புதிதாகப் புனைந்த சொல்லைப் படிக்க முடியாது என்று சிலர். எதையும் ஒலித்துவிடுவார், ஆனால் விதிக்கு அடங்காத ஆங்கிலச் சொற்களைத் தப்பாக ஒலிப்பார் என்று வேறு சிலர்.

நல்ல வாசகரிடம் இரண்டும் சேர்ந்தே ஓடுகின்றன. மௌனமாகப் படிக்கும்போதும் ஒலி எழுகிறது. 1987ல் கை வான் ஆர்டன் என்பவர், ரோஸ் என்ற பூவின் பெயரோடு ஒலியில் ஒத்துப்போகும் வேறொரு ஆங்கிலச் சொல்லைக் காட்டி இது பூவா என்று கேட்டபோது பலர் ஆம் என்று சொல்லிவிட்டார்கள். எழுத்தில் மட்டும் ஒத்துப்போகும் சொல்லுக்கு அவ்வளவு பேர் ஏமாறவில்லை. தமிழில் இதைத் தினமும் பார்க்கலாம். ‘அறை மணி நேரம் தாமதம்’ என்று ஓர் அறிவிப்பில் எழுதியிருந்தால் பெரும்பாலானோர் தடங்கலின்றித் தாண்டிப் போய்விடுவார்கள். இன்றைய பேச்சில் பலருக்கும் ர, ற இரண்டும் ஒரே ஒலி. அதே இடத்தில் ‘அசை மணி நேரம்’ என்றிருந்தால் கண் உடனே நின்றுவிடும்.

நம் எழுத்து இந்த ஒலி வழிக்கு மிகவும் தோதானது. ஆனால் முழுக்க எளிது என்று சொல்ல மாட்டேன். பக்கம், பங்கு, பகல் மூன்றிலும் ககரம் வெவ்வேறாக ஒலிக்கிறது. அண்டையில் என்ன எழுத்து இருக்கிறது என்று பார்த்துத்தான் ஒலியை முடிவு செய்ய முடியும். இதை மூளை சுலபமாகக் கற்றுவிடுகிறது, ஏனென்றால் விதி ஒழுங்கானது. ‘பாவம்’ போன்ற சொல்லில் விதியும் உதவாது. செய்த பாவமா, நடனத்தில் முகத்தில் காட்டும் பாவமா என்று பொருள் தெரிந்த பிறகே ஒலி தெரியும். பேருந்தில் ‘பஸ்’ என்று படிப்பதும் அப்படியே. ஓலைச்சுவடிக் காலத்து வாசகருக்கு இந்தப் பாரம் இன்னும் அதிகம். ஓலையில் பெரும்பாலும் புள்ளி வைக்க மாட்டார்கள், எகர ஏகார வேறுபாடும் ஒகர ஓகார வேறுபாடும் எழுத்தில் தெரியாது, சொல்லுக்குச் சொல் இடைவெளியும் கிடையாது. சுவடி பதிப்பித்தவர்கள் ஒரு வரியோடு நாள் கணக்கில் போராடியது அறிவுக் குறைவால் அல்ல. சொல் எங்கே முடிகிறது என்பதையே பொருளிலிருந்து பின்னோக்கித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

இன்னொரு சிக்கல் ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும். ‘கே’ என்பதில் மெய்யொலி முதலில், உயிரொலி பிறகு. எழுதுவதோ உயிர்க்குறி முதலில், மெய் பிறகு. ‘கோ’வில் குறி இரண்டு பக்கமும் நிற்கிறது. இந்தியிலும் இகரக் குறி மெய்க்கு இடப்பக்கம் வரும். ஜோத்ஸ்னா வைத், ஆஷும் குப்தா இருவரும் 2002ல் வெளியிட்ட ஆய்வில் அப்படிப்பட்ட சொற்களை வாய்விட்டுப் படிக்கக் கூடுதல் நேரம் ஆனதைக் காட்டினார்கள். பிள்ளை ‘கோ’வில் சற்றே தயங்கினால் அதற்குக் காரணம் இருக்கிறது.

தமிழெழுத்துப் பழக்கம் கண்ணையே எப்படி வடிவமைக்கிறது என்பதற்கு ஒரு அருமையான ஆய்வு உண்டு. வேறெந்த எழுத்தில் செய்திருந்தாலும் அது இவ்வளவு தெளிவாகத் தெரிந்திருக்காது. ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் பி (b), டி (d) இரண்டும் ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பம். இயற்கையில் ஒரு பானையின் கைப்பிடி இடப்பக்கம் இருந்தாலும் வலப்பக்கம் இருந்தாலும் அது அதே பானைதான், அதனால் மூளை இரண்டையும் ஒன்றாகவே பார்க்கும் பழக்கமுள்ளது. ஆங்கிலம் படிக்க இந்தப் பழக்கத்தை உடைக்க வேண்டும். சிறு பிள்ளைகள் எழுத்தைத் திருப்பி எழுதுவது அது உடையும்வரை நடக்கும் சாதாரண விஷயம். தமிழில் அப்படி இரட்டையர்கள் இல்லை. ஈவ் டான்ஸிகர், எரிக் பெடர்சன் இருவரும் 90களில் தமிழ்நாட்டில் உருவங்களைக் காட்டிச் சோதித்தார்கள். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவர்கள், எழுத்தறியாதவர்களைப் போலவே, கண்ணாடி பிம்பத்தையும் அசலையும் ஒன்றென்றே எடுத்துக்கொள்ளும் போக்கைக் காட்டினார்கள். ரோமன் எழுத்தும் தெரிந்தவர்கள் இரண்டையும் பிரித்துப் பார்த்தார்கள். கல்வி என்று பொதுவாகச் சொல்வதல்ல, குறிப்பிட்ட எழுத்துமுறை கேட்கும் வேறுபாட்டையே கண் கற்றுக்கொள்கிறது.

அடையாளம் கண்ட சொல் வாக்கியத்தில் பொருந்துகிறதா என்பது 400 மில்லிவிநாடி வாக்கில் தெரிகிறது. 1980ல் மார்த்தா குட்டாஸ், ஸ்டீவன் ஹில்யார்டு இருவரும் பொருந்தாத சொல் வந்தால் அந்த நேரத்தில் மூளை மின்னலையில் ஓர் இறக்கம் தோன்றுவதைக் கண்டார்கள். ‘அவர் சர்க்கரை போட்டுக் கதவைக் குடித்தார்’ என்று படித்தபோது உங்களுக்கு இப்போது நடந்தது அதுதான்.

இனி உங்கள் மகன். ஆங்கிலத்துக்கு 26 எழுத்து, சிற்றெழுத்தையும் சேர்த்தால் அதைப்போல் இரு மடங்கு. நமக்கு 247. குறிகளைக் கூட்டி ஆக்கிக்கொள்ளலாம் என்றாலும், கு, மு, ரு, டு என்று உகரம் ஒவ்வொரு மெய்யிலும் வெவ்வேறு விதமாகச் சேர்வதைத் தனித்தனியாகத்தான் கற்க வேண்டும். கன்னடப் பிள்ளைகளிடம் சோனாலி நாக் செய்த ஆய்வுகள், எழுத்துத் தொகுதி முழுவதும் கைவர நான்காம் வகுப்புவரைகூட ஆகிறது என்று காட்டின. தமிழும் அதே குடும்பத்து எழுத்துமுறை. இரண்டாம் வகுப்பில் கூட்டிப் படிப்பது பின்தங்கல் அல்ல.

அதோடு, கூட்டிப் படிப்பதுதான் வேகப் படிப்பாக மாறுகிறது. டேவிட் ஷேர் என்ற இஸ்ரேலிய ஆய்வாளர் 1995ல் விரிவாக வாதிட்டது இது: பிள்ளை ஒரு சொல்லைத் தானே கூட்டிச் சரியாக ஒலித்துவிடும் ஒவ்வொரு முறையும் அந்த எழுத்துக்கோவை நினைவில் பதிகிறது. சில முறை போதும், அடுத்தமுறை அது நேர்வழியில் வந்துவிடும். நாம் முந்திக்கொண்டு சொல்லிக் கொடுத்தாலோ, படத்தைப் பார்த்து ஊகிக்கச் சொன்னாலோ அந்தப் பதிவு நடப்பதில்லை. அட்டைகளால் ஐம்பது சொல்லைப் பழக்கலாம். ஐம்பத்தொன்றாவது சொல் அவனுக்கு வெறும் கோலம். எழுத்து தெரிந்தவனுக்கோ இதுவரை பார்க்காத ‘ஒட்டகச்சிவிங்கி’யும் திறக்கும்.

தமிழின் நீண்ட சொற்களைக் கண்டு பிள்ளைகள் மலைப்பது வேறு விஷயம், அதற்கு உதவலாம். ‘படித்துக்கொண்டிருந்தவர்களுக்கு’ என்பதைப் பெரியவர்களின் கண்ணும் ஒரே நிறுத்தத்தில் முடிப்பதில்லை. நம்மைப்போலவே சொல்லை ஒட்டிக்கொண்டே போகும் ஃபின்னிஷ் மொழியில், நீண்ட கூட்டுச்சொற்களை உறுப்பு உறுப்பாகவும் குட்டையானவற்றை முழுதாகவும் வாசகர்கள் எடுத்துக்கொள்வதைக் கண்ணசைவு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆகவே படித்து, கொண்டு, இருந்தவர், களுக்கு என்று மடக்கி மடக்கிப் படிக்கக் காட்டுங்கள். ஒரே கதையை மூன்று நான்கு நாள் திரும்பப் படிக்கட்டும், அலுப்பென்று நினைக்காதீர்கள். கூட்டும்போது எழுத்தின் ஒலி தவறினால் மட்டும் திருத்துங்கள், மெதுவாகப் போவதற்காக எதுவும் சொல்ல வேண்டாம்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள் வேறு. வகுப்பில் எல்லா எழுத்தும் நடந்து முடிந்து வெகுநாளான பிறகும் அடிப்படை எழுத்துகளே நினைவில் நிற்கவில்லை என்றால், ‘கல்’லில் க போனால் மீதி என்ன என்பது போன்ற ஒலி விளையாட்டுகள் அவனுக்கு வரவே இல்லை என்றால், பத்து முறை கூட்டிய சொல்லை அதே பக்கத்தில் மறுபடி புதிதாகக் கூட்டினால், வாசிப்புக் குறைபாடு இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. அதை டிஸ்லெக்சியா என்கிறார்கள். அது பார்வைக் கோளாறல்ல, எழுத்துகள் தலைகீழாகத் தெரிவதும் அல்ல. பெரும்பாலான பிள்ளைகளில் ஒலிகளைப் பிரித்துக் கையாளும் இடத்தில்தான் சிரமம். கண்ணாடி மாற்றினால் சரியாகாது. அதற்கும் உதவுவது எழுத்தையும் ஒலியையும் இன்னும் நிதானமாக, இன்னும் முறையாக இணைத்துச் சொல்லித் தருவதுதான். பள்ளியில் சிறப்பாசிரியர் இருந்தால் முதலில் அவரிடம் பேசிப் பாருங்கள், மூன்றாம் வகுப்புவரை காத்திருக்க வேண்டியதில்லை.